நடந்தால் வலிக்கும் கால்

விடியற்காலையில் பெரட்டு முடிந்ததும் பால்மரம் வெட்டப் புறப்படும் கூட்டத்தைத் தோட்டத்தில் பிறந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தலையில் விளக்கு, கையில் கத்தி, தோளில் வாளி. என் தந்தையார் அந்தக் கூட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக முன்னால் நடந்தவர். கடைசி மூன்று ஆண்டுகளில் அவர் பின்தங்கத் தொடங்கினார். கோயிலடியைத் தாண்டி ஏறும் மேட்டில் பாதி தூரம் போனதும் நின்றுவிடுவார். தாம் நிற்பது மற்றவர்களுக்குத் தெரியக்கூடாது என்று கத்தியைத் தீட்டுவதுபோல் பாவனை செய்வார். இரண்டு நிமிடம் கழித்து நடப்பார். மறுபடியும் அதே அளவு தூரம் போனதும் நிற்பார். “கெண்டைக்கால யாரோ முறுக்கிப் பிழியற மாதிரி இருக்கு” என்று அம்மாவிடம் சொல்வார்.

மண்டோர் அதைச் சோம்பல் என்றார். அம்மா வாயு என்றார். அக்கம்பக்கத்தில் செய்வினை என்று சொன்னவர்களும் உண்டு. நான் வயது என்றேன். அப்போது நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்து முடித்து, தோட்டப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன்.

நாங்கள் நால்வருமே தவறிப்போனோம். என் தந்தையாருக்கு வந்தது கால் இரத்தக் குழாய் நோய். காலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் உள்ளே குறுகி, நாளடைவில் அடைபட்டுப்போகும் நோய் அது. நடந்தால் வலிப்பதும் நின்றால் வலி தீர்வதும் அதன் முக்கியமான அடையாளம். இந்த உண்மையை மனிதன் கண்டறியப் பல தலைமுறைகள் ஆயின. அந்த வரலாற்றைத்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன். வரலாறு எதற்கு, மருந்தைச் சொன்னால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். இந்த நோயினால் வெட்டப்படும் கால்களில் பல, வெட்டாமலே காப்பாற்றியிருக்கக் கூடியவை. அதை மனிதன் படிப்படியாகக் கற்றுக்கொண்ட கதை தெரிந்தால், நம் வீட்டாரின் காலை நாம் பார்க்கும் பார்வையே மாறும்.

முதலில், உடம்பில் இரத்தம் எப்படி ஓடுகிறது என்பதையே மனிதன் வெகு காலம் தவறாக நினைத்திருந்தான். கல்லீரலில் இரத்தம் ஊறுகிறது, உடம்பு அதை உறிஞ்சிக்கொள்கிறது, மறுபடியும் புதிதாக ஊறுகிறது என்று ஐரோப்பிய மருத்துவர்கள் ஆயிரத்து நானூறு ஆண்டுகள் நம்பிவந்தார்கள். வில்லியம் ஹார்வி என்ற ஆங்கில மருத்துவர் இதை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு துடிப்பில் இதயம் எவ்வளவு இரத்தத்தைத் தள்ளுகிறது? அரை மணி நேரத்தில் எத்தனை துடிப்பு? பெருக்கிப் பார்த்தால், உடம்பில் இருக்கும் இரத்தம் முழுவதையும்விட அதிகமான அளவு வந்தது. அவ்வளவு இரத்தம் அரை மணிக்கு ஒருமுறை புதிதாக ஊற முடியுமா? முடியாது. ஆகவே, அதே இரத்தம்தான் சுற்றிச் சுற்றி வருகிறது என்று 1628-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் அவர் நிறுவினார்.

இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய்க்குத் தமனி என்று பெயர். திரும்பக் கொண்டுவரும் குழாய்க்குச் சிரை என்று பெயர். இரண்டையும் இணைக்கும் மயிரிழை போன்ற நுண்குழாய்களை ஹார்வி பார்க்கவில்லை. அவர் மறைந்த பின், 1661-ஆம் ஆண்டு, இத்தாலியரான மால்பிகி தவளையின் நுரையீரலில் அவற்றை நுண்ணோக்கி வழியாகக் கண்டார். அதோடு சுற்றுவட்டம் முழுமையடைந்தது.

நம் லயங்களுக்குத் தண்ணீர் வந்த விதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேட்டில் தொட்டி, அங்கிருந்து பெரிய குழாய், அதிலிருந்து கிளைக் குழாய்கள், கடைசி வீட்டுக்குச் சின்னக் குழாய். குழாயின் உட்புறம் துருவேறி அடைந்தால் முதலில் எந்த வீட்டுக்குத் தண்ணீர் நிற்கும்? கடைசி வீட்டுக்குத்தான். நம் உடம்பில் அந்தக் கடைசி வீடு கால்விரல்.

கிளைக் குழாய்களைப் பற்றி ஒரு முக்கியமான பாடத்தை ஜான் ஹன்ட்டர் என்ற லண்டன் அறுவை மருத்துவர் கற்றுத் தந்தார். 1785-ஆம் ஆண்டு டிசம்பரில் குதிரைவண்டி ஓட்டும் ஒரு தொழிலாளி அவரிடம் வந்தார். அவருக்கு முழங்காலின் பின்புறம் தமனி பலூனைப்போல் வீங்கியிருந்தது. வீக்கம் வெடித்தால் உயிர் போய்விடும். அந்தக் காலத்தில் இதற்கு வழக்கமான வழிகளில் ஒன்று காலையே வெட்டுவது. ஹன்ட்டர் வெட்டவில்லை. தொடைப் பகுதியில் தமனியை நூலால் கட்டிவிட்டார். பெரிய குழாயைக் கட்டினால் கீழே கால் செத்துப்போகுமே என்று நீங்கள் நினைக்கலாம். கால் சாகவில்லை. பக்கத்திலிருந்த சிறு கிளைகள் மெல்ல விரிந்து இரத்தத்தைச் சுற்றுவழியில் கீழே கொண்டுபோயின. அந்தத் தொழிலாளி தம் சொந்தக் காலோடு வீடு திரும்பினார். பெரிய பாதை அடைந்தால் உடம்பு சின்னப் பாதைகளைத் திறக்கப் பார்க்கும் என்பதுதான் பாடம். இந்தப் பாடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மறுபடியும் இதற்கு வருவோம்.

நடந்தால் வலி, நின்றால் சுகம் என்ற அடையாளத்தின் காரணத்தை விளக்கிக் காட்டிய முதல் நோயாளி மனிதனே அல்ல. அது ஒரு குதிரை. 1831-ஆம் ஆண்டு, பாரிஸ் நகரில் புலே என்ற கால்நடை மருத்துவர், வண்டி இழுக்கும் ஒரு குதிரையைப் பற்றி எழுதினார். நிற்கும்போது அதற்கு ஒரு குறையும் இல்லை. சிறிது தூரம் ஓடியதும் பின்னங்கால் நொண்டும். நிறுத்தி ஓய்வு கொடுத்தால் பழையபடி ஓடும். மறுபடியும் நொண்டும். பிறகு அதன் உடலை அறுத்துப் பார்த்தபோது, பின்னங்காலுக்குப் போகும் பெரிய தமனி அடைபட்டிருந்தது. அந்த மருத்துவர் தேடிப் பார்த்திராவிட்டால் அந்தக் குதிரையும் சோம்பேறிக் குதிரை என்றே பெயர் வாங்கியிருக்கும். என் தந்தையாரின் நினைவு எனக்கு அங்கேதான் வருகிறது.

மனிதனிடம் இதே நோயை 1858-ஆம் ஆண்டு ஷார்க்கோ என்ற பிரெஞ்சு மருத்துவர் விளக்கினார். அவருடைய நோயாளி, பழைய துப்பாக்கிக் காயம் பட்ட ஒரு முன்னாள் படைவீரர். ஷார்க்கோ புலேயின் குதிரையை நினைவுகூர்ந்து, இரண்டும் ஒரே நோய் என்றார். விட்டு விட்டு நொண்டுதல் என்று பொருள்படும் பெயரைத்தான் மருத்துவ உலகம் இன்றும் பயன்படுத்துகிறது.

இதன் காரணம் எளிது. நிற்கும்போது தசைக்குக் கொஞ்சம் இரத்தம் போதும். நடக்கும்போது பல மடங்கு வேண்டும். குறுகிய குழாயால் அவ்வளவு கொடுக்க முடியாது. பிராணவாயு போதாமல் தசை வலியால் முறையிடுகிறது. நின்றால் தேவை குறைகிறது, வலியும் அடங்குகிறது. ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய அதே தூரத்தில் வலி வருவதற்கும் இதுவே காரணம். மூட்டுவலியும் நரம்புவலியும் பொதுவாக இப்படிக் கணக்குப் பார்த்து வருவதில்லை.

அடுத்த கேள்வி, குழாய் ஏன் அடைகிறது என்பது. இதற்குப் பல காரணங்கள் உண்டு. தமனியின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்புச் சத்தும் படிந்து தடிப்பதுதான் பெரும்பாலோருக்கு வரும் நோய். புகைப்பழக்கம், இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு, இரத்தத்தில் மிகுந்த கொழுப்பு, முதுமை ஆகியவை அதை வளர்க்கின்றன. இவற்றில் புகையைத் தனியே பிரித்துச் சொல்ல வேண்டும். 1908-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் லியோ பர்கர் என்ற மருத்துவர், வெட்டி எடுக்கப்பட்ட பதினொரு கால்களை ஆராய்ந்து ஒரு நோயை விளக்கினார். இது கொழுப்புப் படிவதால் வருவதன்று. குழாய்கள் அழன்று, இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும் வேறொரு வகை நோய். பெரும்பாலும் ஐம்பது வயதுக்குக் குறைந்த ஆண்களைப் பிடிக்கும். இதில் நோயாளிகள் அநேகமாக எல்லாருமே புகையிலை பயன்படுத்துபவர்கள். ஆசிய நாடுகளிலும் இந்நோய் நிறைய உண்டு. புகையிலையை அறவே விட்டவர்களில் பெரும்பாலோர் காலை இழக்காமல் தப்புகிறார்கள். விடாதவர்கள் முதலில் விரலையும், பிறகு பாதத்தையும், பிறகு காலையும் இழக்கிறார்கள். நாளுக்கு ஒன்று இரண்டுதானே என்பது இந்த நோயிடம் செல்லாது. பீடி, சுருட்டு, சிகரெட் எல்லாம் ஒன்றே.

இப்போது இனிப்பு நீருக்கு வருவோம். 1921-ஆம் ஆண்டு கனடாவின் டொரோன்டோ நகரில் பாண்ட்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதலாக ஊசி வழியாகக் கொடுக்கப்பட்டது. அதுவரை மயங்கி விழுந்து மாண்ட நோயாளிகள் பிழைத்து நெடுநாள் வாழத் தொடங்கினார்கள். ஆனால் நெடுநாள் வாழ்ந்ததால் வேறொரு துன்பம் பெரிதாகத் தலைகாட்டியது. அதுதான் கால் அழுகல். அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர் எலியட் ஜோஸ்லின் 1934-ஆம் ஆண்டு இதைப் பற்றி ஓர் எச்சரிக்கைக் கட்டுரை எழுதினார். கால் அழுகல் விதியால் வருவதன்று, பெரும்பாலும் தடுக்கக்கூடியது என்பதுதான் அதன் சாரம். அவர் தாதியரைப் பழக்கி, பாதத்தை எப்படிக் கழுவுவது, எப்படித் துடைப்பது, எப்படிப் பார்ப்பது என்று நோயாளிகளுக்குப் பாடம் நடத்தச் செய்தார். ஒரு மருத்துவர் பள்ளிக்கூடம் நடத்தினார் என்றுதான் நான் அதை எண்ணிக்கொள்கிறேன்.

இந்த வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்குண்டு. பால் பிராண்ட் என்ற மருத்துவர் 1914-ஆம் ஆண்டு கொல்லிமலையில், சமயப் பணியாளர்களான ஆங்கிலேயத் தம்பதியருக்குப் பிறந்தவர். 1940-களின் பிற்பகுதியில் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளிடையே பணியாற்றத் தொடங்கினார். அவர்களுடைய விரல்களும் பாதங்களும் தேய்ந்து போவதற்கு நோயே தின்றுவிடுவதுதான் காரணம் என்று எல்லாரும் எண்ணியிருந்தார்கள். அது தவறு என்று அவர் கண்டார். நரம்பு மரத்துப்போனதால் சூடும் முள்ளும் கல்லும் உறைக்கவில்லை. வலி இல்லாததால் புண்ணோடு நடந்தார்கள். நடந்து நடந்து பாதத்தை இழந்தார்கள். வலி என்பது பகைவன் அல்ல, காவற்காரன் என்பது அவருடைய முடிவு. அவரும் உடன் உழைத்தவர்களும், உள்ளே நுண்ணிய காற்றறைகள் கொண்ட மென்மையான ரப்பரில் செருப்புச் செய்து கொடுத்தார்கள், புண்கள் குறைந்தன. 1966-ஆம் ஆண்டு அவர் அமெரிக்கா சென்ற பிறகு, இனிப்பு நீரால் மரத்துப்போன பாதங்களுக்கும் இதே பாடம் பயன்பட்டது. காலமெல்லாம் ரப்பர்ப் பால் வெட்டிய நம் குடும்பங்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும். ரப்பர் பாதம் காக்கும் பொருளும் ஆகும்.

ஆகவே, இனிப்பு நீர் இருப்பவருக்கு ஆபத்து இரட்டிப்பு. குழாய் அடைவதால் புண் ஆறாது. நரம்பு மரப்பதால் புண் வந்ததே தெரியாது. நடக்கும்போது வரவேண்டிய வலிகூட அவர்களுக்கு வராமல் போகலாம். வலி இல்லையே, கால் நன்றாகத்தானே இருக்கிறது என்று அவர்கள் நம்பியிருக்க முடியாது. மலேசியாவில் 2019-ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் நூற்றுக்குப் 18 பேருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் பார்த்தால் நூற்றுக்கு 31 பேர். இந்தக் கணக்கைக் கேட்ட பிறகு இது அடுத்த வீட்டுக் கதை என்று நாம் இருந்துவிட முடியாது.

அடைபட்ட குழாயைப் பழுதுபார்க்க முடியுமா? இந்தக் கேள்விக்கு விடை தையலூசியிலிருந்து வந்தது. 1894-ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டு அதிபர் சாடி கார்னோ, லியோன் நகரில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அறுந்த இரத்தக் குழாயைத் தைக்க அன்று வழி இல்லை. அந்த நகரில் மருத்துவம் பயின்ற இளைஞர் அலெக்சிஸ் காரெல் இதை மனத்தில் வைத்துக்கொண்டார். பூவேலை செய்யும் ஒரு பெண்மணியிடம் போய், மெல்லிய ஊசியையும் பட்டு நூலையும் கையாளக் கற்றுக்கொண்டார். 1902-ஆம் ஆண்டு இரத்தக் குழாய்களை ஒட்டித் தைக்கும் முறையை வெளியிட்டார். 1912-ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் வீட்டுப் பெண்களின் தையல் வேலையைச் சிறிதாக எண்ணுபவர்கள் இதைக் கேட்க வேண்டும்.

பிறகு 1948-ஆம் ஆண்டு, பாரிஸ் நகரில் ழான் குன்லின் என்ற மருத்துவர், நோயாளியின் காலிலிருந்தே ஒரு சிரையை எடுத்து, அடைப்புக்கு மேலும் கீழும் பொருத்தி, இரத்தத்துக்கு மாற்றுப்பாதை அமைத்தார். சிரைக்குள் ஒருபக்கம் மட்டுமே திறக்கும் கதவுகள்போன்ற அமைப்பு உண்டு. ஆகையால் அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்துத் தைத்தார். 1950-களில் அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் மைக்கேல் டிபேக்கி, டேக்ரான் என்ற செயற்கைத் துணியை வாங்கிவந்து, தம் மனைவியின் தையல் இயந்திரத்தில் குழாயாகத் தைத்தார். சிறுவயதில் தாயாரிடம் தையல் கற்றவர் அவர்.

எல்லாவற்றையும்விட என் மனத்தைத் தொட்டது 1964-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள், அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் நடந்தது. 82 வயது மூதாட்டி ஒருவர். பாதத்தில் புண், விரல்கள் அழுகிக்கொண்டிருந்தன. காலை எடுத்துவிடலாம் என்றார்கள் மருத்துவர்கள். அவர் சம்மதிக்கவில்லை. சார்ல்ஸ் டாட்டர் என்ற மருத்துவர், தொடைத் தமனியின் வழியாக மெல்லிய கம்பியை உள்ளே செலுத்தி, அதன்மேல் முதலில் சிறிய குழலையும் பிறகு பெரிய குழலையும் நுழைத்து, குறுகிய இடத்தை அகலமாக்கினார். சில்லிட்டிருந்த பாதம் சூடேறியது. புண் ஆறியது. அந்த மூதாட்டி இறக்கும் வரை சொந்தக் காலிலேயே நடந்தார். அதன்பின் 1974-ஆம் ஆண்டு, சுவிட்சர்லாந்தில் ஆண்ட்ரியாஸ் குருண்ட்சிக் என்பவர், குழலின் நுனியில் சிறு பலூன் வைத்து ஊதி அடைப்பை விரிக்கும் முறையைக் கால் தமனியில் செய்து காட்டினார். அந்தப் பலூனைச் செய்யும் சோதனைகளை அவர் தம் வீட்டுச் சமையலறையில் நடத்தினார். 1977-ஆம் ஆண்டு அதே முறை இதயத்துக்கும் போனது. இன்று நாம் இதயத்துக்குப் பலூன் வைத்தார்கள் என்று பேசிக்கொள்கிறோமே, அதற்குக் காலே வழிகாட்டி.

ஆனால் கத்தியும் பலூனும் எல்லாருக்கும் வேண்டியதில்லை. ஹன்ட்டரின் பாடத்தை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? 1966-ஆம் ஆண்டு, டென்மார்க்கில் லார்சன், லாசன் என்ற இருவர், நடந்தால் வலிக்கும் நோயாளிகள் சிலரைத் தினமும் நடக்கச் செய்து பார்த்தார்கள். பயிற்சி செய்தவர்கள் முன்னைவிட அதிக தூரம் நடந்தார்கள். அதற்குப் பின் பல நாடுகளில் செய்த ஆய்வுகளும் இதை உறுதிசெய்தன. நடக்க நடக்கத் தசை, கிடைக்கும் இரத்தத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தப் பழகுகிறது. சிறு கிளைகளும் உதவிக்கு வருகின்றன. முறை இதுதான்: வலி நன்றாகத் தெரியும் வரை நடக்க வேண்டும், நின்று வலி தீர்ந்ததும் மீண்டும் நடக்க வேண்டும். ஓய்வையும் சேர்த்து முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம், வாரத்தில் மூன்று நாளாவது, குறைந்தது மூன்று மாதம். மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தொடங்க வேண்டும். காலில் புண் உள்ளவர்களுக்கும், படுத்திருக்கும்போதே வலிப்பவர்களுக்கும் இது பொருந்தாது.

இந்த நோயின் போக்கை 1954-ஆம் ஆண்டு ஃபோன்டேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் நான்கு படிகளாகப் பிரித்தார். முதல் படியில் அடைப்பு உண்டு, தொல்லை இல்லை. இரண்டாம் படியில் நடந்தால் வலி. மூன்றாம் படியில் படுத்திருந்தாலும் வலி. நான்காம் படியில் புண், அழுகல். இதைப் படித்தபோது என் தந்தையாரின் மூன்று ஆண்டுகளும் என் கண்முன் வரிசையாக நின்றன.

கத்தி தீட்டுவதுபோல் நின்றாரே, அது இரண்டாம் படி. அப்போது அவர் நாளுக்கு ஒரு பாக்கெட் சிகரெட் புகைத்துக்கொண்டிருந்தார். பத்து ஆண்டாக இனிப்பு நீரும் இருந்தது. மருந்தைச் சில நாள் சாப்பிடுவார், சில நாள் விட்டுவிடுவார். பிறகு இரவில் தூக்கம் போயிற்று. பாதம் எரிகிறது என்று காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பார். தொங்கவிட்டால் இரத்தம் கொஞ்சம் இறங்குவதால் வலி தணிகிறது. அது மூன்றாம் படி. அம்மா அன்போடு கோடாலித் தைலம் தேய்த்து, போத்தலில் வெந்நீர் ஊற்றிப் பாதத்தில் வைத்தார். மரத்துப்போன பாதத்துக்குச் சூடு உறைக்கவில்லை. மறுநாள் கொப்புளம். இரண்டு வாரத்தில் கட்டைவிரல் கறுத்தது. அது நான்காம் படி. பட்டணத்து ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். “இன்னும் ஆறு மாதம் முன்னால் கொண்டுவந்திருக்கலாமே” என்று மருத்துவர் சொன்னார். அவர் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம்தான் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, கரும்பலகையில் இதயம் வரைந்து, இரத்தம் கால்விரல் வரை போகிறது என்று நான் பாடம் நடத்தியிருந்தேன். வீட்டில் என் தகப்பனாரின் காலை ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

தாய்மார்களே, பெரியோர்களே, அதனால்தான் சொல்கிறேன். வீட்டில் நடந்தால் கெண்டைக்கால் வலித்து நின்றால் தீர்கிறது என்று யாராவது சொன்னால், அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். கையில் இரத்த அழுத்தம் பார்ப்பதுபோலக் கணுக்காலிலும் பார்ப்பார்கள். நல்ல உடம்பில் இரண்டும் ஏறக்குறையச் சமமாக இருக்கும். கையில் 130 இருந்து கணுக்காலில் 65 இருந்தால், வழியில் அடைப்பு உண்டென்று பொருள். இனிப்பு நீர் உள்ளவர்களுக்குக் குழாய் கெட்டிப்பட்டிருந்தால் இந்த அளவு உண்மையைவிட உயர்ந்து தெரியலாம். அவர்களுக்கு வேறு சோதனைகள் உண்டு. இரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை, கொழுப்பைக் குறைக்க ஒரு மாத்திரை என்று மருத்துவர் கொடுத்தால் விடாமல் சாப்பிட வேண்டும். காலில் அடைத்தது இதயத்திலும் மூளையிலும் அடைக்கக்கூடும். அந்த மாத்திரை அவற்றையும் காக்கிறது. அடுத்த வீட்டுக்காரருடைய மாத்திரையை வாங்கிச் சாப்பிடாதீர்கள். புகைப்பதை நிறுத்த முடியவில்லை என்றால் அதற்கும் கிளினிக்கில் உதவி கேட்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

தினமும் இரவில் பாதத்தையும் விரலிடுக்கையும் பாருங்கள். கண் தெரியாத முதியவருக்குப் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லட்டும். கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடையுங்கள். ஆணியைப் பிளேடால் செதுக்காதீர்கள். வெந்நீர் ஒத்தடம், நெருப்புச் சூடு வேண்டாம். பூட்ஸைத் தட்டி உதறி, உள்ளே கையை விட்டுப் பார்த்துப் போடுங்கள். மரத்த கால் உடையவர்கள், தைப்பூசத்தில் கொதிக்கும் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடப்பதற்கும் தீமிதிக்கும் முன்னால் மருத்துவரைக் கேட்கட்டும். பக்தியைக் குறைக்கச் சொல்லவில்லை. பாதத்தைக் காக்கச் சொல்கிறேன். இரண்டு வாரம் ஆறாத புண் எவ்வளவு சிறியதானாலும் சிறியதன்று. இனிப்பு நீர் உள்ளவர்களோ, காலில் அடைப்பு இருப்பது தெரிந்தவர்களோ இரண்டு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. புண் கண்ட மறுநாளே காட்ட வேண்டும். திடீரென்று ஒரு கால் வெளுத்து, சில்லிட்டு, கடுமையாக வலித்து, அசைக்க முடியாமல் போனால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். அது சில மணி நேரத்தில் காலையே பறித்துவிடும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

என் தந்தையார் செயற்கைக் காலோடு நான்கு ஆண்டுகள் வாழ்ந்தார். சிகரெட்டை அறவே விட்டார். மாலையில் லயத்து வாசலில் உட்கார்ந்து, வேலையிலிருந்து திரும்பும் ஆண்களில் யார் நின்று நின்று வருகிறார்கள் என்று கவனிப்பார். ஒருவரைக் கூப்பிட்டு, “தம்பி, கத்தி தீட்டுறியா, கால் வலிக்குதா?” என்று கேட்டார். அவர் சிரித்து மழுப்பினார். அப்பா விடவில்லை. மறுநாளே கிளினிக்குக்கு அனுப்பிவைத்தார். அந்தத் தம்பி இன்றைக்கும் இரண்டு காலோடு நடக்கிறார்.

குதிரை நின்றபோது ஏன் நின்றது என்று ஒரு மனிதர் கேட்டார். அதிலிருந்துதான் இவ்வளவும் விளங்கியது. உங்கள் வீட்டில் யாராவது வழியில் நின்றால், நீங்களும் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். இன்றிரவே உங்கள் தாய் தந்தையரின் காலைக் குனிந்து பாருங்கள்.